2.1, 12, 3000: மூனு பம்ப்ல எது பெருசு?

மலேசியால, பேராக் சுங்கை சிப்புட் டவுனத் தாண்டி உள்ள போனா செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல எங்க பழைய லயத்துக் கோயில் இருக்கு, லயம்னா தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசை. லயத்துல இப்ப நாலஞ்சு குடும்பம்தான், ஆனா திருவிழான்னா ஈப்போ, கோலகங்சார்னு எங்கெங்கயோ இருந்து எல்லாரும் வந்துருவாங்க. போன வருஷத் திருவிழாவுல அன்னதானம் போட்டுக்கிட்டு இருக்கும்போதே பைப்புல தண்ணி நின்னுபோச்சு, அதனால இந்த வருஷம் கமிட்டில பேசி மேல ஒரு டேங்க், கீழ ஒரு டேங்க், நடுவுல ஒரு பம்ப்னு முடிவாச்சு. நான் பேக்டரில மெயின்டனன்ஸ் வேல பாக்குறவன், அதனால வேல என் தலைல. செஞ்சத, அளந்தத, கணக்கு போட்டத எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், வேற கோயில்லயோ வீட்டுலயோ இதே வேல செய்றவங்களுக்கு ஆகும்.

டேங்க் வாங்குறதுல ஒன்னும் பிரச்ன இல்ல. மேல 400 கேலன், கீழ 600 கேலன், ரெண்டும் கருப்பு பாலி டேங்க். ஸ்டாண்ட ஒரு வெல்டர் அண்ணன் கூலி வாங்காம செஞ்சு குடுத்தாரு. பம்புலதான் ஆட்டமே. மூனு பம்ப் கைக்கு வந்துச்சு.

ஒன்னு டவுன் ஹார்ட்வேர் கடைல இருக்கிற அர ஹார்ஸ்பவர் சைனா பம்ப், அது தட்டுல மணிக்கு 2.1 மீட்டர் கியூப்னு போட்டிருக்கு, தண்ணி பில்லுல மீட்டர் பாடுன்னு வருதே அதேதான். ரெண்டாவது, கமிட்டி பொருளாளரோட மச்சான் பழைய சாமான் லோட்டுல இருந்து எடுத்து வச்சிருந்த அமெரிக்கா பம்ப், நல்ல கனம், பித்தளை பாகம் எல்லாம் பளபளன்னு, அதுல 12 ஜிபிஎம். மூனாவது, அதே ஹார்ட்வேர் கடைல இன்னொரு ரேக்குல, 3000 லிட்டர், மணிக்கு. விலை முதல் பம்ப விட கம்மி.

கடைல வேல செய்ற பையன் 3000 போட்டத தட்டிக் காட்டி "இனி பாலிங் குவாட், போஸ்"னு மலாய்ல சொல்றான், இதுதான் ரொம்ப சக்தி உள்ளதுன்னு அர்த்தம். தலைவர் உடனே "அதையே எடுத்துருவோம் தம்பி, 3000 எங்க, 2 எங்க"ன்னாரு. பொருளாளருக்கு மச்சான் பம்ப் ஓசில வருதேன்னு ஆச. நான் "கொஞ்சம் பொறுங்க ஐயா, மூனையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு பேசுவோம்"னு சொல்லி கடை காலண்டர்ல ஒரு தாள கிழிச்சு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சேன்.

தண்ணி எவ்ளோ வேகமா வருதுன்னு சொல்றதுக்கு ரெண்டு விஷயம் வேணும், எவ்ளோ தண்ணி, எவ்ளோ நேரத்துல. தண்ணிய லிட்டர்ல சொல்றான், கேலன்ல சொல்றான், கியூபிக் அடில சொல்றான், நேரத்த செகண்ட்ல, நிமிஷத்துல, மணில, நாள்ல சொல்றான். ரெண்டையும் கலந்து எத்தனையோ அளவு வந்துருது. நான் எப்பவும் எல்லாத்தையும் நிமிஷத்துக்கு எத்தன லிட்டர்ங்கிறதுக்கு மாத்திருவேன், ஏன்னா ஒரு பைப்ப தொறந்து வாளி வச்சா நாம கண்ணால பாக்குற அளவு அதுதான். மணிக்கு மீட்டர் கியூப்னு சொன்னா யாருக்கும் ஒன்னும் தோணாது, நிமிஷத்துக்கு 30 லிட்டர்னா உடனே ஒன்றரை வாளின்னு புரிஞ்சுரும்.

மீட்டர் கியூப் ஒன்னுன்னா 1000 லிட்டர், மணிக்கு 60 நிமிஷம், அப்ப 1000 வகுத்தல் 60, அதாவது 16.67. மனசுல போடுறதுன்னா நூறால பெருக்கி ஆறால வகுங்க, அவ்ளோதான். 2.1 ஆனா 210, ஆறால வகுத்தா 35. அப்ப சைனா பம்ப் நிமிஷத்துக்கு 35 லிட்டர். திருப்பிப் போகணும்னா 0.06ஆல பெருக்குனா போதும்.

3000 லிட்டர் மணிக்குன்னா இன்னும் ஈஸி, 60ஆல வகுத்தா 50. ஆக "2.1க்கும் 3000க்கும்" உள்ள வித்தியாசம் 35க்கும் 50க்கும்தான். தலைவர் முகம் கொஞ்சம் மாறிச்சு.

12 ஜிபிஎம்தான் வம்பு. ஜிபிஎம்னா நிமிஷத்துக்கு எத்தன கேலன். சரி, எந்த கேலன்? இங்கிலீஷ்காரன் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கா கேலன் 3.785 லிட்டர். பேரு ஒன்னுதான், ஆனா வெள்ளக்காரன் கேலன் அமெரிக்கா கேலன விட 20 பர்சன்ட் பெருசு. அமெரிக்காக்காரன் பழைய இங்கிலாந்து ஒயின் கேலனயே வச்சுக்கிட்டான், 231 கியூபிக் இன்ச். இங்கிலாந்துல 1824ல அத தூக்கிப் போட்டுட்டு 62 டிகிரி பாரன்ஹீட்ல 10 பவுண்ட் தண்ணி எவ்ளோ இடம் எடுத்துக்குதோ அதுதான் ஒரு கேலன்னு புதுசா வச்சுக்கிட்டாங்க. நாம வெள்ளக்காரன் கையில இருந்ததால நம்ம ஊருக்கு வந்தது அந்த பத்து பவுண்ட் கேலன். 1972ல எடை அளவு சட்டம் வந்து நாடு மெட்ரிக்குக்கு மாறினதுக்கப்புறமும் டேங்க் கடைல மட்டும் கேலன் போகல, இன்னைக்கும் யாரும் "1800 லிட்டர் டேங்க் குடு"ன்னு கேக்க மாட்டாங்க, "400 கேலன்"தான். 400ஐ 4.546ஆல பெருக்குனா 1818, டேங்க் ஸ்டிக்கர்லயும் கிட்டத்தட்ட அதான் போட்டிருப்பான்.

ஆனா அதே கோயில் அடுப்படில குடிக்கிற தண்ணி டிஸ்பென்சர் மேல கவுத்து வைக்கிற பெரிய போத்தல் இருக்கே, அதயும் 5 கேலன் போத்தல்னுதான் சொல்றோம், அதுல 18.9 லிட்டர்தான் புடிக்கும். அது அமெரிக்கா கேலன். வெள்ளக்காரன் கேலனா இருந்திருந்தா 22.7 லிட்டர் இருக்கணும். ஒரே கோயில்ல மேல ஒரு கேலன் கீழ ஒரு கேலன், யாரும் சண்ட போடாம இருக்கோம்.

மச்சான் பம்ப் அமெரிக்கால செஞ்சது, தட்டுலயே போட்டிருக்கு, அதனால 3.785. 12 பெருக்கல் 3.785, 45.4 லிட்டர். வெள்ளக்காரன் கேலன்னு எடுத்திருந்தா 54.6 வந்து 3000 பம்பையே தாண்டியிருக்கும். போன்ல கன்வர்ட்டர் போட்டீங்கன்னா பெரும்பாலும் அமெரிக்கா கேலனதான் முதல்ல காட்டும், அது பம்புக்கு சரி, நம்ம டேங்குக்கு தப்பு. பொருள் எந்த நாட்டுதுன்னு பாத்துட்டுதான் நம்பர தொடணும்.

அதுவும் பத்தாது. தட்டுல கீழ சின்ன எழுத்துல 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருந்துச்சு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 60க்கு செஞ்ச மோட்டார் 50ல ஓடுனா ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான் சுத்தும், தண்ணியும் அதே கணக்குல கொறையும், 45.4 போய் 38க்கு கிட்ட வந்துரும், தண்ணிய மேல தூக்குற சக்தி இன்னும் மோசம், வேகத்தோட வர்க்கத்துல கொறையும், அதாவது நூத்துக்கு எழுபதுக்குக் கீழ வந்துரும். மோட்டாரும் சூடாகும். பொருளாளர்கிட்ட "அண்ணே, ஓசிதான், ஆனா எரிஞ்சா காயில் சுத்துற காசுக்கு புதுசே வாங்கலாம்"னு சொன்னேன், அவரு ஒன்னும் சொல்லாம போன எடுத்து மச்சானுக்கு அடிச்சாரு.

இப்ப தலைவர் திரும்ப 3000க்கு வந்துட்டாரு, "நீ சொன்ன கணக்குப்படியே 50 பெருசுதானே தம்பி"ன்னு. நியாயமான கேள்விதான். நான் பெட்டிய திருப்பிக் காட்டுனேன். எச் மேக்ஸ் 3 மீட்டர்னு போட்டிருக்கு. அது மீன் குளத்துக்குப் போடுற பம்ப், தண்ணிக்குள்ளயே முக்கி வைக்கிறது. 3 மீட்டர் உயரத்துக்கு மேல அதால ஒரு சொட்டு ஏத்த முடியாது. நம்ம டேங்க் வாய் கீழ் டேங்க் தண்ணி மட்டத்துல இருந்து 6 மீட்டருக்கு மேல இருக்கு. மூனுல பெரிய நம்பர் போட்ட பம்ப் நமக்கு குடுக்கப் போறது பூஜ்யம்.

தட்டுல போடுற கியூ மேக்ஸுங்கிறது எந்த உயரமும் இல்லாம, எந்த தடையும் இல்லாம பம்ப் வாயிலயே வர்ற தண்ணி. எச் மேக்ஸுங்கிறது தண்ணியே வராம பம்ப் முக்கிக்கிட்டு நிக்கிற உயரம். ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்கவே கிடைக்காது, நம்ம வேல எப்பவும் ரெண்டுக்கும் நடுவுலதான் நடக்கும். கடைல நிறைய பேரு "35 லிட்டர் 35 மீட்டர் வரைக்கும் ஏத்தும்"னு சேத்து சொல்றாங்க, இந்த மாதிரி சின்ன அர ஹார்ஸ்பவர் பம்ப்ல அது நடக்காது. சில நல்ல பம்புல கியூ 10 முதல் 80, எச் 22 முதல் 12னு ரெண்டு ரேஞ்ச் போட்டிருப்பான், அத வரிசையா படிக்கணும், 10 லிட்டர் வரும்போது 22 மீட்டர், 80 லிட்டர் வரும்போது 12 மீட்டர். 80 லிட்டரும் 22 மீட்டரும்னு எடுத்துக்கிட்டா போச்சு.

ஆக சைனா பம்பதான் எடுத்தோம். கியூ மேக்ஸ் 35 லிட்டர், எச் மேக்ஸ் 35 மீட்டர். இது பெரிபெரல் பம்ப், ஓரத்துல சின்னச் சின்ன பல்லு வச்ச சக்கரம் சுத்துற ரகம். இந்த மாதிரி சின்ன பம்ப்ல உயரம் ஏற ஏற தண்ணி கிட்டத்தட்ட ஒரே சீரா கொறையும், இதுல மீட்டருக்கு ஒரு லிட்டர், அதனால மனக்கணக்கு போடலாம். உயரம் 6.2 மீட்டர். பைப் 25 மீட்டர் நீளம், உள்விட்டம் 25 மில்லி, அதுல தண்ணி உரசிக்கிட்டு போறதுக்கு ஒரு மீட்டர் மாதிரி, எல்போ வால்வுக்கு இன்னும் கொஞ்சம், ஆக மொத்தம் ஏழர மீட்டர்னு வச்சேன். 35ல ஏழர போனா 27.5. நிமிஷத்துக்கு 27.5 லிட்டர் வரணும்.

முக்கா இன்ச் பைப் போட்டிருந்தா என்ன ஆகும்னு வெல்டர் அண்ணன் கேட்டாரு, வீட்டுல மிச்சம் நிறைய கெடக்காம். உள்விட்டம் 20 மில்லின்னா அதே தண்ணிக்கு உரசல் மூனு மடங்கு ஆயிரும், விட்டம் கொஞ்சம் கொறஞ்சாலும் உரசல் கிட்டத்தட்ட அஞ்சாவது அடுக்குல ஏறும். இந்த பம்ப் அதிக உயரத்துக்கு தூக்குற ரகம்ங்கிறதால ரெண்டு லிட்டர்தான் கொறையும், தாங்கிக்கும். அதுவே எச் மேக்ஸ் பத்து மீட்டர் மாதிரி இருக்கிற பம்பா இருந்தா நல்லா அடி வாங்கும். இருந்தாலும் ஒரு இன்ச்சே போட்டோம், காசு வித்தியாசம் பெருசா இல்ல.

பம்ப் மாட்டி ஓட்டுனதும் எல்லாரும் மேல டேங்க் வாயில கைய வச்சு பாத்துட்டு "நல்லா வருது"ன்னாங்க. நல்லா வருதுன்னா எவ்ளோ? அளந்தாதான் தெரியும். அளக்குறதுக்கு பெருசா கருவி ஒன்னும் வேணாம், ஒரு தகர டின், ஒரு போன், ஒரு தராசு. டின்ல எத்தன லிட்டர் புடிக்கும்னு எழுதியிருக்கிறத நம்பாதீங்க, எண்ண டின்ல இத்தன கிலோன்னு போட்டிருப்பான், அது எண்ண எடை, தண்ணி ஊத்துனா வேற நம்பர் வரும். கோயில் ஸ்டோர்ல அரிசி நிறுக்கிற தராசு இருக்கு. காலி டின்ன வச்சு நிறுத்துக்கிட்டேன், தண்ணியோட திரும்ப நிறுத்தேன், வித்தியாசம் 17.6 கிலோ. நம்ம ஊர் வெயில்ல தண்ணி ஒரு கிலோன்னா ஒரு லிட்டர்னு வச்சுக்கலாம், அர பர்சன்ட் கூட வித்தியாசம் வராது. ஆக 17.6 லிட்டர்.

மேல ஏறி பைப் வாய டின்னுக்குள்ள திருப்புன அந்த செகண்ட்ல கீழ ஒரு தம்பி போன்ல ஸ்டாப்வாட்ச் தட்டுனான், வழிய ஆரம்பிச்சதும் நிறுத்துனான். 38 செகண்ட். 17.6ஐ 38ஆல வகுத்து 60ஆல பெருக்குனா 27.8 லிட்டர், நிமிஷத்துக்கு. கணக்கு போட்டது 27.5. தலைவர் அதுக்கப்புறம் என்னைய வேற மாதிரி பாக்குறாரு, இப்ப கோயில் ஒயரிங் வேலயும் என்கிட்ட வந்துருச்சு, அது வேற கத.

27.8ன்னா மணிக்கு 1.67 மீட்டர் கியூப், நம்ம கேலன்ல நிமிஷத்துக்கு ஆறுக்கு மேல, அமெரிக்கா கேலன்ல ஏழுக்கு மேல. 400 கேலன் டேங்க் காலியா இருந்து ரொம்புறதுக்கு 65 நிமிஷம். ஒரு மணி நேரத்துல ரொம்பணும்னுதான் ஆரம்பத்துல நெனச்சோம், அஞ்சு நிமிஷம் கூட, பரவால்ல.

இது பம்ப் கத. இதுக்கு முன்னால இன்னொன்னு இருக்கு, அத யாரும் கேக்கவே இல்ல: கீழ் டேங்குக்கு மெயின் பைப்புல இருந்து எவ்ளோ வருது? பம்ப் எவ்ளோ இழுத்தாலும் வர்ற தண்ணிதானே போகும். இதுக்கு டின்னு கூட வேணாம், வாசல்ல இருக்கிற தண்ணி மீட்டரே போதும். மீட்டர்ல கருப்பு நம்பர் மீட்டர் கியூப், அதுக்குப் பின்னால செகப்புல ஓடுறது அதோட பாகம், மூனாவது செகப்பு இடம்னா ஒரு லிட்டர். வேற எல்லா பைப்பையும் மூடிட்டு டேங்க் பைப்ப மட்டும் தொறந்து அஞ்சு நிமிஷத்துக்கு முன்னயும் பின்னயும் நம்பர எழுதிக்கிட்டேன், வித்தியாசம் 0.052. அப்ப 52 லிட்டர், நிமிஷத்துக்கு 10.4. பகல்ல எடுத்தது இது. ராத்திரி ஊரு தூங்குனதுக்கப்புறம் எடுத்தா 15 வருது, ஆனா திருவிழா பகல்ல நடக்கிறதால நான் 10.4தான் எடுத்துக்கிட்டேன்.

பம்ப் 27.8 இழுக்குது, மெயின் 10.4 குடுக்குது, ஆக பம்ப் ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் கீழ் டேங்க்ல 17.4 லிட்டர் கொறையுது. 600 கேலன்னா 2728 லிட்டர், அத 17.4ஆல வகுத்தா 157 நிமிஷம். ரெண்டர மணி நேரம் நிக்காம ஓடலாம், அதுக்கப்புறம் பம்ப் காத்த இழுக்கும். பெரிபெரல் பம்ப் காஞ்சு ஓடுனா சீல் போயிரும், அதனால கீழ் டேங்க்லயும் ஒரு ப்ளோட் சுவிட்ச் கட்டிட்டோம், தண்ணி கொறஞ்சா பம்ப் தானா நிக்கும்.

மேல் டேங்க்லயும் ப்ளோட் சுவிட்ச்தான், பால் வால்வு இல்ல. இத கொஞ்சம் அழுத்தி சொல்லணும். பாலி டேங்க்ல வழக்கமா பித்தளை பால் வால்வு போட்டு விட்டுருவாங்க, மெயின் பைப்புல இருந்து நேரா வந்தா அது சரி. பம்ப்ல இருந்து வர்ற பைப்புல அத போட்டா டேங்க் ரொம்புனதும் வால்வு மூடிக்கும், பம்ப் மட்டும் மூடுன வாயில முட்டிக்கிட்டே ஓடும். சாதாரண சென்ட்ரிபுகல் பம்ப் அப்ப கரண்ட் கம்மியா இழுக்கும், பெரிபெரல் பம்ப் அதுக்கு நேர்மாறு, அழுத்தம் ஏற ஏற கரண்ட் கூடும், உள்ள இருக்கிற கொஞ்ச தண்ணி கொதிக்கிற மாதிரி ஆயிரும். கரண்ட வெட்டுற சுவிட்ச்தான் இதுக்கு சரி.

திருவிழாவுக்கு போதுமான்னு பாக்கணும். நான் 400 பேரு, ஆளுக்கு 20 லிட்டர்னு வச்சேன், சமையல், பாத்திரம், கை கழுவுறது, கழிப்பற எல்லாம் சேத்து, இது என் ஊகம்தான், உங்க கோயிலுக்கு வேற வரும். 8000 லிட்டர், ஆறு மணி நேரத்துல. சராசரி போட்டா நிமிஷத்துக்கு 22 லிட்டர். மெயின்ல 10.4தான் வருது, மிச்சத்த டேங்க் குடுக்கணும். ரெண்டு டேங்கும் சேத்து 1000 கேலன், அதாவது 4546 லிட்டர். ஆறு மணி நேரத்துல மெயின்ல இருந்து 3744 வரும். கூட்டுனா 8290. தலைய தடவிக்கிட்டு போகுது, ஆனா போதும், முதல் நாள் ராத்திரியே ரெண்டு டேங்கையும் ரொப்பி வச்சிருந்தா.

சராசரி வேற, சாப்பாட்டு நேரம் வேற. ஒரு மணிக்கு எல எடுத்ததும் பத்து பைப்பும் தொறந்திருக்கும், ஒவ்வொன்னுலயும் 6 லிட்டர்னா நிமிஷத்துக்கு 60. பம்ப் 27.8 ஏத்துது, 32 மாதிரி இறங்குது, மேல் டேங்க் ரொம்பியிருந்தா 56 நிமிஷம் தாங்கும். பந்தி கழுவி முடிக்க அது போதும். பம்ப் பெருசா இருக்கணும்னு அவசியம் இல்லாததுக்கு காரணமே மேல இருக்கிற அந்த 1818 லிட்டர்தான்.

இதுக்கு நடுவுல மீட்டர்ல இன்னொன்னு கண்ணுல பட்டுச்சு. எல்லா பைப்பையும் மூடுனதுக்கப்புறமும் அந்த குட்டி நட்சத்திர சக்கரம் மெதுவா சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு மணி நேரம் விட்டு பாத்தா 3 லிட்டர். கமிட்டில "3 லிட்டர்தானே, விடு"ன்னாங்க. மணிக்கு 3ன்னா நாளைக்கு 72, மாசத்துக்கு 2160, பில்லுல ரெண்டு மீட்டர் கியூபுக்கு மேல, யாரும் ஒரு கிளாஸ் குடிக்காமலே. கழிப்பற சிஸ்டர்ன் ரப்பர் தேஞ்சிருந்துச்சு, மாத்துனதும் சக்கரம் நின்னுருச்சு.

வேல நடக்கும்போது தோட்டத்துல மருந்து அடிக்கிற கான்ட்ராக்ட் எடுத்திருக்கிற ஒரு அண்ணன் வந்து உக்காந்திருந்தாரு. நான் கேலன் கத சொல்லிக்கிட்டு இருந்ததக் கேட்டுட்டு பைல இருந்து ஒரு மஞ்ச நாசில் எடுத்துக் காட்டுனாரு, அதுல 11002னு அச்சு. 110ங்கிறது தண்ணி விரியிற கோணம், 02ங்கிறது நிமிஷத்துக்கு 0.2 அமெரிக்கா கேலன், 40 பிஎஸ்ஐ அழுத்தத்துல. 0.2ஐ 3.785ஆல பெருக்குனா 0.757 லிட்டர், 3 பார்ல ஓட்டுனா கிட்டத்தட்ட 0.8. அவருக்கு கோணமும் கேலனும் தெரியாது, ஆனா மஞ்சன்னா 0.8, நீலம்னா 1.2, செகப்புன்னா 1.6ன்னு மனப்பாடம், ஏன்னா வருஷக்கணக்கா அளவு ஜக்குல ஒரு நிமிஷம் புடிச்சு புடிச்சு பாத்திருக்காரு. நாசில் தேஞ்சா ஜக்குல தண்ணி கூடும், பத்து பர்சன்ட் கூடிருச்சுன்னா தூக்கிப் போட்டுருவாராம். கலர்ல மாத்தம் இல்ல, அதனால கலர நம்பாம ஜக்கதான் நம்புறாரு. அவருகிட்ட நான் ஒன்னும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

பழைய ரப்பர் பேக்டரில வேல செஞ்ச தாத்தா ஒருத்தரு, அந்தக் காலத்துல அங்க இருந்த பம்ப் மணிக்கு 1200 கேலன்னு சொன்னாரு. வெள்ளக்காரன் தோட்டம், வெள்ளக்காரன் பம்ப், அதனால 4.546. 60ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 20 கேலன், 91 லிட்டர், நம்ம பம்ப மாதிரி மூனு. பெருமையா கேட்டுக்கிட்டாரு.

பேப்பர்ல தண்ணி ஆலை செய்தி வரும்போது எம்எல்டின்னு போடுவான், நாளைக்கு பத்து லட்சம் லிட்டர். 1 எம்எல்டின்னா நிமிஷத்துக்கு 694 லிட்டர், செகண்ட்டுக்கு பதினொன்னர. நம்ம சைனா பம்ப் 25 சேந்து ராவும் பகலும் ஓடுனா ஒரு எம்எல்டி. பெரிய வாய்க்கா ஆத்துக்கெல்லாம் பழைய புத்தகத்துல கியூசெக்னு இருக்கும், செகண்ட்டுக்கு ஒரு கியூபிக் அடி, அது 28.3 லிட்டர் செகண்ட்டுக்கு, நிமிஷத்துக்கு 1699. நம்ம வேலைக்கு இது வராது, ஆனா பாத்தா முழிக்காம இருக்கலாம்.

கடைசியா மழத் தண்ணி. மண்டபக் கூரை 120 சதுர மீட்டர், அதுல விழுறதெல்லாம் சும்மா கால்வாய்க்குப் போகுது, புடிச்சா பாத்திரம் கழுவவும் தர கழுவவும் ஆகும். இதுலயும் அதே கணக்குதான், மழ அளவு மட்டும் மில்லிமீட்டர்ல வரும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லி மழன்னா ஒரு லிட்டர். மணிக்கு 60 மில்லி மழன்னா நிமிஷத்துக்கு ஒரு மில்லி, அப்ப கூரை எத்தன சதுர மீட்டரோ அத்தன லிட்டர் ஒரு நிமிஷத்துல. கணக்கே போட வேணாம், 120 சதுர மீட்டர், நிமிஷத்துக்கு 120 லிட்டர். மணிக்கு 7.2 மீட்டர் கியூப், நம்ம பம்ப் ஏத்துறத விட நாலு மடங்குக்கு மேல. மணிக்கு 60 மில்லிக்கு மேல போனா ரொம்ப கனமழைன்னு ஜேபிஎஸ்ல, அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகாவுல, வகை பிரிச்சிருக்காங்க, சாயங்கால இடி மழைல நம்ம பக்கம் அது ஒன்னும் அதிசயம் இல்ல. பழைய அளவுலயும் இதே மாதிரி ஒரு வசதி இருக்கு, ஒரு ஏக்கர்ல மணிக்கு ஒரு இன்ச் மழன்னா கிட்டத்தட்ட சரியா ஒரு கியூசெக், அதனாலதான் அந்தக் கால இன்ஜினியருங்க ஏக்கரும் இன்ச்சும் வச்சே கால்வாய் கணக்கு போட்டாங்க.

இப்ப கூரைல இருக்கிற இறங்கு பைப் ரெண்டு இன்ச், ஒன்னே ஒன்னு. 120 லிட்டர் அதுல தானா இறங்காது, ஓரத்துல வழிஞ்சு நடைல கொட்டுது, எல்லாரும் கூரை ஓட்டைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. பம்ப் தள்ளுற தண்ணி ஒரு இன்ச்சுல போயிரும், சும்மா இறங்குற தண்ணிக்கு பைப் பெருசா வேணும். இதே காரணத்துக்குத்தான் மேல் டேங்க் ஓவர்ப்ளோ பைப்பையும் ஒரு இன்ச் போடாம ரெண்டு இன்ச் போட்டோம், சுவிட்ச் மக்கர் பண்ணா 27.8 லிட்டரும் அது வழியாத்தான் வெளிய போகணும்.

மழத் தண்ணிய கீழ் டேங்க்ல சேக்க வேணாம்னு சொல்லிட்டேன், குடிக்கிற தண்ணியோட கலக்கக்கூடாதுங்கிறது ஒன்னு, கூரை மண்ணும் தூசியும் போனா பெரிபெரல் பம்ப் உள்ள இருக்கிற இடுக்கு தேஞ்சு சீக்கிரமே தண்ணி கொறைய ஆரம்பிச்சுரும். அதுக்கு தனியா ஒரு 200 கேலன் டேங்க், பம்ப் இல்லாம, தரையில இருந்து கொஞ்சம் ஒசத்தி. அந்த மழைல அது ரொம்புறதுக்கு எட்டு நிமிஷம் கூட ஆகாது. முதல்ல வர்ற அழுக்குத் தண்ணிய வெளிய விட ஒரு தனி பைப்பும் வைக்கணும். நவம்பர் மழைக்கு முன்னால இறங்கு பைப்ப நாலு இன்ச்சா மாத்திரணும், விலை கேட்டு வச்சிருக்கோம், கமிட்டி கையெழுத்து போட்டதும் வேல ஆரம்பிக்கும்.